புது அட்டை

எங்க பள்ளிக்கூடத்து லைப்ரரிக்குள்ள யார் வந்தாலும் முதல்ல சொல்றது, "இங்க நல்லா காத்து வருது மிஸ்." புத்தகத்தைப் பத்தி ஒருத்தரும் வாயைத் தொறக்க மாட்டாங்க. டீச்சருங்க ஃபேனுக்குக் கீழ உக்காந்து நோட்டு திருத்துவாங்க. பி.டி. மிஸ் ரெண்டு பெஞ்சைச் சேத்துப் போட்டு முதுகை நீட்டிக்குவாங்க. கார்த்திகை தீபக் கூட்டத்துக்கு வெளியூர் போலீஸ் வந்தா தங்க வெக்கறதும் இந்த ரூம்லதான். அவங்க போனப்புறம் பீரோ கைப்பிடியில ஒரு துண்டாவது தொங்கிக்கிட்டு இருக்கும். என் பேரு ஜெயமதி. திருவண்ணாமலையில பொம்பளைப் பிள்ளைங்க மட்டும் படிக்கற இந்தப் பள்ளிக்கூடத்துல நான் லைப்ரேரியன். சாவி வெச்சிருக்கற அம்மான்னு மட்டும் என்னைத் தெரிஞ்சவங்கதான் ஜாஸ்தி.

எனக்குப் படிக்கறதுன்னா உசுரு. பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்டு முடிக்கற வீடு எங்களது, சமணக் குடும்பம். அதனால மத்த பொம்பளைங்க ராத்திரிச் சாப்பாட்டுக்கு அடுப்புகிட்ட நிக்கற நேரமெல்லாம் எனக்கு மிச்சம். வேங்கிக்கால் வீட்டு வராண்டாவுல உக்காந்து கைக்குக் கெடைச்சதையெல்லாம் படிப்பேன். மாட்டு வைத்தியம் படிப்பேன், கப்பல் கட்டறதைப் பத்திப் படிப்பேன். "நீ எந்தக் கப்பலைக் கட்டப் போறே"ம்பாரு எங்க வீட்டுக்காரர். சொல்லிட்டுப் போகட்டும். என்னை மாதிரி ஒண்ணு ரெண்டு பொண்ணுங்க வருஷத்துக்கு வருஷம் பள்ளிக்கூடத்துல வந்து மாட்டுங்க. அதுங்களுக்காகத்தான் நான் இன்னும் அந்த ரூமைத் தொறக்கறேன்.

ஆறாங்கிளாஸ் பிர்தௌஸ் அப்படி ஒருத்தி. பேய்க்கதை மட்டும்தான் படிப்பா. "பேய் வரணும் மிஸ். ஆனா கடைசியில பேயே இல்லன்னு சொல்லி ஏமாத்தக் கூடாது"ன்னு கண்டிஷன் வேற போடுவா. ஒன்பதாங்கிளாஸ் வினோதினி இன்னொருத்தி. கீழ்பென்னாத்தூர் பக்கத்துல ஒரு கிராமத்துல இருந்து பஸ்ல வர்ற பொண்ணு. அவளுக்குக் கதையெல்லாம் வேணாம், கேள்விக்கு பதில் வேணும். மலை மேல அத்தனை நெய்யை எரிக்கறாங்களே, அந்தக் கரியெல்லாம் எங்க போவுது? பாம்புக்குக் காது இல்லன்னா மகுடிக்கு எப்படி ஆடுது? மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பூ மேல பூக்குது, காய் ஏன் மண்ணுக்குள்ள காய்க்குது? மதியம் டிபன் பாக்ஸைத் தொறக்க விடமாட்டா. "உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்டி"ன்னு திட்டுவேன். திட்டிக்கிட்டே எழுந்து போய் பீரோவுல தேடுவேன். நான் எடுத்துக் குடுக்கறதை அவ ரெண்டு கையாலயும் வாங்குவா. அச்சுல இருந்தா அது நெசம். அந்தப் பொண்ணுக்கு அதுக்கு மேல சாட்சி வேணாம்.

ஜூன் மாசம் பள்ளிக்கூடம் தொறந்த புதுசுல வந்து கேட்டா. "மிஸ், எங்க நெலத்துல பாம்பு ஜாஸ்தி. கடிச்சிட்டா என்னா பண்றதுன்னு புத்தகம் இருக்கா?"

முதலுதவிப் புத்தகம் ஒண்ணு இருந்துச்சு, எடுத்துக் குடுத்தேன். அட்டையைத் தடவிப் பாத்துட்டு, "புதுசா மிஸ்? புதுசை எனக்கே மொதல்ல குடுக்கறீங்களா?"ன்னா. யாரோ கூப்பிட்டாங்க. "கிழிக்காம வெச்சுக்கோ"ன்னு சொல்லிட்டு நான் எழுந்து போயிட்டேன்.

அது புதுசு இல்ல. இதை எங்க வேலையில இருக்கறவங்களுக்குச் சொல்லவே வேணாம், மத்தவங்களுக்குச் சொல்றேன். ஸ்கூல் லைப்ரரியில ஒரு பழைய புத்தகத்தைத் தூக்கிப் போடணும்னா லேசுல முடியாது. மேல எழுதணும், ஆளுங்க வந்து பாக்கணும், கையெழுத்து வரணும். எதுவும் வராது. எண்ணிக்கையில ஒண்ணு குறைஞ்சா மட்டும் நம்ம தலையில விடியும். கிழிஞ்சதா இருந்தா இன்ஸ்பெக்‌ஷன்ல வந்து "என்னம்மா, குப்பைத் தொட்டியா இது"ன்னு கேப்பாங்க. அதனால மே மாச லீவுல எல்லா லைப்ரேரியனும் பண்றதைத்தான் நானும் பண்ணுவேன். பசையும் கத்தரிக்கோலும் எடுத்துக்கிட்டு உக்காந்து, கிழிஞ்சதுக்கெல்லாம் நீலக் கலர்ல புது அட்டை போட்டு, வெள்ளை லேபிள் ஒட்டி, அழகா பேரு எழுதி அடுக்கிடுவேன். என் கையெழுத்து நல்லா இருக்கும். அந்த முதலுதவிப் புத்தகத்தையும் அப்படித்தான் புதுசாக்கினேன். உள்ள என்ன இருக்குதுன்னு பொரட்டிப் பாக்கல. கப்பலைப் பத்திப் படிச்சவ, இதைப் படிக்கல.

தீபத்துக்கு முன்னாடி, மல்லாட்டை புடுங்கற சமயம் அது. ஒரு ஞாயித்துக்கிழமை வினோதினியும் அவ அப்பா மூர்த்தியும் நெலத்துல இருந்திருக்காங்க. அம்மா ஷூ கம்பெனியில ஓவர்டைம். செடியைப் புடுங்கிப் போட்ட குவியலை மூர்த்தி இழுக்கும்போது கண்ணாடி விரியன் கணுக்கால்ல போட்டுடுச்சு. பொண்ணு அழல, ஓடல. புத்தகத்துல இருந்ததை அப்படியே செஞ்சா. மாட்டுக் கயித்தை எடுத்து முட்டிக்கு மேல ரத்தம் ஓடாத அளவுக்கு இறுக்கிக் கட்டினா. பேக்குல இருந்த பென்சில் சீவற பிளேடால கடிவாயை அறுத்து ரத்தத்தைப் பிழிஞ்சு விட்டா. பக்கத்து நெலத்துக்காரங்க வந்து கயித்தைத் தளத்தப் பாத்தப்போ, "ஆஸ்பத்திரி போற வரைக்கும் அவுக்கக் கூடாதுன்னு இருக்குது"ன்னு சொல்லி யாரையும் கிட்ட விடல. வண்டி கெடைச்சு ஆஸ்பத்திரி வந்து சேர்ற வரைக்கும் முடிச்சு மேல கையை வெச்சுக்கிட்டே வந்திருக்கா.

மூர்த்தி பொழைச்சிட்டாரு. வலது காலை முட்டிக்கு மேல எடுத்துட்டாங்க.

சேதி கேட்டு சாத்துக்குடி வாங்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலுக்குப் பக்கத்துல ஸ்டூல் போட்டு வினோதினி உக்காந்திருந்தா. என்னைப் பாத்ததும் அவ முகத்துல ஒரு பெருமை. "மிஸ், நீங்க குடுத்த புத்தகம்தான் எங்கப்பாவைக் காப்பாத்துச்சு. கால் போனாலும் உசுரு இருக்குதில்ல மிஸ்?" "ஆமாம்மா"ன்னேன். அவ கையைப் புடிச்சுக்கிட்டேன். எனக்கும் பெருமையா இருந்துச்சு, பொய் சொல்வானேன். இத்தனை வருஷத்துல நான் குடுத்த ஒரு புத்தகம் ஒரு ஆளைக் காப்பாத்தியிருக்குன்னு நெனைச்சேன்.

மூர்த்தி பொண்ணை டீ வாங்கிட்டு வரச் சொல்லி அனுப்பினாரு. அவ படியில எறங்கற சத்தம் அடங்குற வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

"நீங்கதான் புத்தகம் குடுக்கற மிஸ்ஸா? பாப்பா எந்நேரமும் உங்களைப் பத்தித்தான் பேசும்" என்றாரு. "அது வர்றதுக்குள்ள ஒண்ணு சொல்லிடறேங்க. கொண்டாந்து போட்ட அன்னிக்கே டாக்டரு கத்துனாரு. எவன்யா இப்படிக் கட்டுனது, எவன்யா அறுத்ததுன்னு. நான்தான் சார் பண்ணிக்கிட்டேன்னு சொல்லிட்டேன். கட்டாம, அறுக்காம, காலை அசைக்காம அப்படியே தூக்கியாந்திருந்தா ஊசி போட்டுக் காலை நிக்க வெச்சிருப்பேன்யான்னாரு. விரியன் கடிச்சா ரத்தம் ஒறையாதாம். அறுத்த எடம் நிக்காம ஊத்துச்சு. கட்டுனதுக்குக் கீழ எல்லாம் செத்துப் போச்சு."

சாத்துக்குடிப் பையை எங்க வெக்கறதுன்னு தெரியாம மடியிலயே வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

"பாப்பாவுக்குத் தெரியாதுங்க. அது நம்மாலதான் அப்பா பொழைச்சாருன்னு நெனைச்சிக்கிட்டு இருக்குது. அப்படியே இருக்கட்டும். நீங்க படிச்சவங்க, உங்களுக்கு எப்படியும் ஒரு நாள் தெரிஞ்சிடும். தெரிஞ்சு அதுகிட்ட வாய் விட்டுடப் போறீங்களேன்னுதான் நானே சொல்றேன். அது சாவற வரைக்கும் சொல்லாதீங்க மிஸ்."

"சரிங்க. சொல்ல மாட்டேன்"னேன். அந்த மனுஷன் கண்ணை மூடிக்கிட்டாரு.

வினோதினி மறுபடி பள்ளிக்கூடம் வந்தப்போ அவளை எல்லாரும் தூக்கி வெச்சுக் கொண்டாடினாங்க. எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் மெஹ்ருன்னிசா மேடம் நல்ல மனுஷி. பிள்ளைங்க எதையாவது நல்லா செஞ்சுட்டா ஊரைக் கூட்டிச் சொல்லலன்னா அவங்களுக்குத் தூக்கம் வராது. என்னைக் கூப்பிட்டு, "ஜெயமதி, திங்கக்கிழமை ப்ரேயர்ல அந்தப் பொண்ணு எல்லார் முன்னாடியும் செஞ்சு காட்டட்டும். கயிறு ஒண்ணு ஏற்பாடு பண்ணிடுங்க. அதையே சார்ட்டா எழுதி எல்லா கிளாஸ்லயும் மாட்டிடலாம். நம்ம பிள்ளைங்கள்ல பாதி கிராமத்துப் பிள்ளைங்கதானே, பிரயோஜனமா இருக்கும்"னாங்க.

கதவைச் சாத்திட்டு உள்ளதைச் சொன்னேன். மேடம் கண்ணாடியைக் கழட்டி மேஜை மேல வெச்சாங்க. "யா அல்லா"ன்னாங்க, ரொம்ப மெதுவா. அப்புறம், "ப்ரேயர்ல வேணாம். நான் ஏதாவது சாக்கு சொல்லிக்கறேன். அந்தக் கொழந்தைகிட்ட யாரும் ஒண்ணும் சொல்ல வேணாம்"னாங்க. எனக்கு நெஞ்சுல இருந்து ஒரு கல்லை எறக்கி வெச்ச மாதிரி இருந்துச்சு. தப்பிச்சோம்னு நெனைச்சேன். அந்தப் புத்தகம் இன்னும் அவகிட்டதான் இருக்கு, எப்படியாவது வாங்கி ஒழிச்சிடணும்னு கணக்குப் போட்டுக்கிட்டே லைப்ரரிக்கு வந்தேன்.

உள்ள நொழைஞ்சா பெஞ்சு மேல பிர்தௌஸ் காலை நீட்டி உக்காந்திருக்கா. வினோதினி கீழ மண்டி போட்டு உக்காந்து, சிவப்பு ரிப்பனால அவ தொடையில இறுக்கிக் கட்டிக்கிட்டு இருக்கா. சுத்தி ஒரு கும்பல், ஒவ்வொருத்தி கையிலயும் ஒரு ரிப்பன்.

"இன்னும் இறுக்கணும். ரத்தம் ஓடவே கூடாது" என்கிறா வினோதினி.

"காலு மரத்துப் போச்சு அக்கா"ன்னா பிர்தௌஸ்.

"மரத்துப் போனாதான் சரியா கட்டியிருக்கோம்னு அர்த்தம்."

என்னைப் பாத்துட்டு சந்தோஷமா எழுந்தா. "மிஸ், எங்க பஸ்ல வர்ற எல்லாருக்கும் சொல்லிக் குடுத்துட்டேன். ஊர்லயும் சொல்லியிருக்கேன். அவலூர்பேட்டை பஸ் பிள்ளைங்களுக்கு திங்கக்கிழமை."

நான் போய் பிர்தௌஸ் கால்ல இருந்த ரிப்பனை அவுத்தேன். அவுக்க வரல, நகம் ஒடிஞ்சுது. கட்டியிருந்த எடம் வெள்ளையா கெடந்துச்சு. எல்லாரையும் "கிளாஸுக்குப் போங்கடி"ன்னு வெரட்டினேன். வினோதினியை மட்டும் இருக்கச் சொன்னேன்.

கதவைச் சாத்தறதுக்குள்ள என் மனசு என்னென்னவோ யோசிச்சுது. ஒரு டாக்டரைக் கூட்டியாந்து பொதுவா பேச வெக்கலாமா? வெச்சா, ஸ்கூல் முழுக்கக் கூடியிருக்கற எடத்துல, வரிசையில தனியா நின்னுக்கிட்டு அவ அதைக் கேப்பா. கேட்ட நிமிஷமே புரிஞ்சுக்குவா, அவ அவ்வளவு சூட்டிகை. வேணாம்னு விட்டுடலாமா? விட்டா அடுத்த அறுவடையில எவளாவது ஒருத்தி அவ அப்பன் கால்ல கயித்தைக் கட்டுவா. மூர்த்திக்குக் குடுத்த வாக்கு ஒரு பக்கம் நிக்குது. அடப்பாவி மனுஷா, என்னைப் போய் நம்பினியேன்னு இருந்துச்சு. சொன்னா நானே சொல்லணும், வேற யார் வாயிலயிருந்தும் அவ கேக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணேன். அந்த முடிவு சரியான்னு இன்னிக்கும் எனக்குத் தெரியல.

"அந்தப் புத்தகம் எங்க?"ன்னு கேட்டேன்.

பேக்குல இருந்து எடுத்தா. பிளாஸ்டிக் கவர் வாங்கிப் போட்டு வெச்சிருந்தா.

"வினோதினி, இதுல பாம்புக்கடிக்கு எழுதியிருக்கறது தப்பு. கட்டக்கூடாது, அறுக்கக்கூடாது. அந்தக் காலத்துல சரின்னு நெனைச்சாங்க. இப்போ டாக்டருங்க அதெல்லாம் கூடாது, காலை அசைக்காம உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வரணும்ங்கறாங்க."

அவ சிரிச்சா. நான் அவளைச் சோதிக்கறேன்னு நெனைச்சிருப்பா. "அச்சுல இருக்கே மிஸ்."

மொதப் பக்கத்தைத் தொறந்து அச்சடிச்ச வருஷத்தைக் காட்டினேன். அவ அம்மாவும் அப்பாவும் பொறக்கறதுக்கு முன்னாடி அச்சடிச்சது. அவ அதைப் பாத்தா. அப்புறம் மூடி அட்டையைப் பாத்தா. மறுபடி தொறந்து பாத்தா.

"அட்டை புதுசா இருந்துச்சே மிஸ்."

"நான்தாம்மா போட்டேன். கிழிஞ்சு கெடந்துச்சு, நான்தான் புதுசு மாதிரி ஆக்கினேன். உள்ள படிச்சுப் பாக்கல. தப்பு உன்மேல இல்ல. நீ படிச்சதைச் சரியா செஞ்சே. நீ ஒரு தப்பும் பண்ணல."

நான் பேசிக்கிட்டே இருக்கேன், அவ காதுல எதுவும் ஏறல. உதடு மட்டும் அசையுது. பரீட்சையில விடையைச் சரிபார்க்கற மாதிரி, அன்னிக்கு நெலத்துல நடந்ததை ஒவ்வொண்ணா சரிபார்த்துக்கிட்டு இருந்தா.

"கட்டாம இருந்திருந்தா?" என்றா.

நான் புத்தகத்தை அவ கையில இருந்து வாங்கி மூடினேன்.

"பக்கத்து நெலத்து மாமா தளத்த வந்தாரு மிஸ். நான் கையைத் தட்டி விட்டேன்."

எனக்கு அழுகை வந்துடுச்சு. அவளுக்கு வரல. "எங்கப்பாவுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டா. இதுக்கு மட்டும் பொய் சொல்லலாம்னு வாயெடுத்தேன், முடியல. தெரியும்னேன். டாக்டர்கிட்ட அவரே பண்ணிக்கிட்டதா சொன்னதையும் சொன்னேன். அதைக் கேட்டதும்தான் அவ அப்படியே தரையில உக்காந்தா. நானும் பக்கத்துல உக்காந்து அவ தலையை என் தோளோட சேத்து அணைச்சுக்கிட்டேன். கட்டை மாதிரி இருந்தா. சாயங்காலம் நானே அவளை பஸ் ஏத்தி விட்டேன். ஜன்னல் ஓரம் உக்காந்தவ என்னைத் திரும்பிப் பாக்கல.

திங்கக்கிழமை காலையில நான் வீட்டுல இருந்து கெளம்பும்போது மூர்த்தி போன் பண்ணாரு.

"மிஸ், பாப்பா வெள்ளிக்கிழமையில இருந்து சரியா சாப்பிடலைங்க. ராத்திரியெல்லாம் என் கால்மாட்டுலயே உக்காந்திருக்குது. போய்ப் படும்மான்னா போவ மாட்டேங்குது. என்னான்னு கேட்டா, ஒண்ணும் இல்லப்பாங்குது." அப்புறம், "சொல்லிட்டீங்களா?"ன்னு கேட்டாரு.

"சொல்லிட்டேங்க. அவ மத்த பிள்ளைங்களுக்கெல்லாம் கட்டக் கத்துக் குடுத்துக்கிட்டு இருந்தா. வேற வழி தெரியலங்க."

அவர் திட்டல. திட்டியிருக்கலாம். "பாப்பாவுக்குக் குடுக்க எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான் மிஸ்"னு சொல்லிட்டு வெச்சிட்டாரு.

பள்ளிக்கூடம் வந்தா ப்ரேயர் பெல் அடிச்சாச்சு. வாழ்த்து முடிஞ்சு, செய்தி வாசிச்சு, உறுதிமொழி எடுத்தாங்க. மேடம் மைக்கை ஆஃப் பண்ணச் சொல்லப் போனாங்க. அந்நேரம் வினோதினி வரிசையை விட்டு வெளிய வந்து மேடைப் படியேறினா. மேடம் கிட்ட ஏதோ கேட்டா. மேடம் என்னைப் பாத்தாங்க. நான் வேணாம்னு தலையாட்டினேன். அதுக்குள்ள அவ மைக்கைப் புடிச்சிட்டா.

ப்ரேயர்ல பேசறதுக்குன்னு பிள்ளைங்களுக்கு ஒரு குரல் இருக்கு. மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கற குரல். அந்தக் குரல்லதான் பேசினா.

"அனைவருக்கும் வணக்கம். நான் ஒன்பதாம் வகுப்பு வினோதினி. பாம்பு கடித்தால் என்ன செய்யக்கூடாது என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒன்று, கட்டக்கூடாது. நான் கட்டினேன். இரண்டு, அறுக்கக்கூடாது. நான் அறுத்தேன். கட்டை அவிழ்க்க வந்தவர்களையும் நான் விடவில்லை. அதனால் என் அப்பாவுக்குக் கால் போய்விட்டது. பாம்பால் இல்லை, என்னால். நான் சொல்லிக் கொடுத்தவர்கள் எல்லோரும் அதை மறந்துவிடுங்கள். கடித்த காலை அசைக்காமல் படுக்க வைத்து உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். மருந்து அங்கேதான் இருக்கிறது. வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்."

தினமும் யார் பேசி முடிச்சாலும் பிள்ளைங்க கை தட்டுவாங்க, பழக்கம். சின்னக் கிளாஸ் வரிசையில இருந்து ஆரம்பிச்சுது. அப்புறம் எல்லாரும் தட்டினாங்க. நிறுத்துங்கடின்னு கத்தணும் போல இருந்துச்சு. மேடம் மேடையில முகத்தைத் திருப்பிக்கிட்டு நின்னாங்க.

வினோதினி படியெறங்கி வரிசைக்குப் போகாம, டீச்சருங்க நின்ன பக்கமா நேரா எங்கிட்ட வந்தா.

"சரியா சொன்னனா மிஸ்?" என்றா.

"சரியா சொன்னேம்மா"ன்னேன்.

தலையாட்டிட்டு வரிசைக்குப் போயிட்டா.